சும்மா என்றொரு பொத்தான்

பாலத்தின் நடுவில் நின்ற இரும்புக் காவலன் கோடரியை ஓங்கினான். என் வீட்டுக்காரர் குமரன் மறுபடியும் செத்தார்.

பதறாதீர்கள். டிவித் திரையில்தான்.

சனிக்கிழமை மத்தியானம். செரண்டாவில் எங்கள் வீட்டு ஹால். அடுப்பில் நெத்திலி சம்பல் கொதித்து வீடு முழுக்கக் காரம் ஏறியிருந்தது. குமரன் தரையில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கண்ட்ரோலரைக் கிடத்தியிருந்தார். இடது கைக்குப் பிரச்சினை இல்லை. வலது கையில் மிச்சமிருப்பது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பொத்தான்களைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தார். அவர் ஒரு பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் கோடரி இறங்கிவிடும்.

பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டினேன்.

"குடுங்க மாமா. இந்த ஒரு எடத்த மட்டும் நான் தாண்டி விட்டுடுறேன்."

"தொடாத."

குரல் உயரவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியும். அவர் கத்தினால் சிரித்துவிட்டுப் போகலாம். கத்தாமல் சொன்னால் விலகி நிற்க வேண்டும்.

"எல்லாரும் செய்யிறதுதான்லா. கஷ்டமான எடம் வந்தா இன்னொருத்தர்கிட்ட குடுக்கிறது."

"நீ தாண்டி விட்டா அது நீ ஆடுன கேம். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதப்பத்திப் பேசுறது?"

ஆக, விஷயம் அதுதான். அவருக்கு அந்த விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், அதைத் திட்ட வேண்டும்.

குறை சொல்லும் உரிமை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கேம் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நமக்கென்று ஒரு நாயகன், அவனுக்குத் துணையாக நாலு பேர், ஊர் ஊராகப் போய் அரக்கர்களோடு சண்டை, நடுவில் பெரிய கதை. அந்த வகை விளையாட்டு. நானும் குமரனும் சின்ன வயதிலிருந்து பின்தொடரும் தொடர் ஒன்று இருக்கிறது. அதன் உண்மையான பெயர் இன்றுவரை எங்கள் வாயில் வராது. எங்களுக்கு அது 'விளக்கு'. விளக்கு ஒன்று, விளக்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து இப்போது எட்டாவது வெளியாகியிருக்கிறது.

விளக்குப் பைத்தியங்களுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. எல்லாரும் தமிழ் ஆள்கள். எட்டாவது வந்த சூட்டில் குமரன் அதில் ஒரு வரி எழுதினார்: சண்டை ரொம்ப வேகமாகிவிட்டது, பழையபடி யோசிக்க விடமாட்டேன் என்கிறது.

உடனே கெர்லிங்கிலிருந்து ரிஷி என்ற இளைஞர் பதில் போட்டார். "அங்கிள், கேம்ல பிரச்சன இல்ல. ஸ்கில் இஷ்யூலா." குறை உங்கள் ஆட்டத்திறமையில்தான் என்று அர்த்தம். கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ரிஷிக்குக் குமரனின் கையைப் பற்றித் தெரியாது. சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். குமரன் தடுத்தார்.

"கையச் சொன்னா பாவம்னு ஒத்துக்குவானுங்க. எனக்கு அது வேணாம். நான் சொல்றது சரின்னு ஒத்துக்கணும்."

"அதுக்கு?"

"மொதல்ல முடிக்கணும். முடிக்காதவன் கொற சொன்னா வயித்தெரிச்சல்னுதான் சொல்லுவானுங்க."

அன்றிலிருந்து குழுவில் அவர் வாயே திறக்கவில்லை. வேலை முடிந்து நான் வீடு திரும்பும்போதெல்லாம் அந்தப் பாலத்தில் செத்துக்கொண்டிருப்பார். எட்டாவதில் முதல் பெரிய எதிரியே அந்த இரும்புக் காவலன்தான். அவனைத் தாண்டாமல் கதையில் ஒரு அடி நகர முடியாது.

இங்லீஷ் அடா

ஏன் 'விளக்கு' என்று பெயர் வந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

குமரன் எனக்கு அத்தை மகன். அவர் வீடு கெர்லிங் எஸ்டேட்டில். நாங்கள் புக்கிட் பெலிம்பிங் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பள்ளி விடுமுறை விட்டதும், சட்டை துணிமணிகளுக்கு நடுவில் கேம் பெட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். லயத்துப் பெண்கள், "தேவி, ஒன் மொற மாப்பிள்ள வந்துட்டாருடி" என்று கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை, பெட்டி பத்திரமாக வந்ததா என்றுதான் பார்ப்பேன்.

கோல சிலாங்கூர் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மீன் சுடும் புகைக்கு நடுவே ஒருவர் திருட்டு டிஸ்க் விற்பார். அட்டைப்படம் நகலெடுத்து நகலெடுத்து மங்கிப்போயிருந்தது. கையில் விளக்கோடு ஒரு பெண் நிற்பது மட்டும் தெரிந்தது. "இங்லீஷ் அடா?", இங்கிலீஷில் இருக்கிறதா என்று கேட்டோம். "அடா, அடா" என்றார். வீட்டில் வந்து போட்டால் ஆதியிலிருந்து அந்தம்வரை ஜப்பான் எழுத்து.

அழுதோமா? இல்லை. நாங்களே கதை கட்டினோம்.

ஊருக்கு ஊர் ஒரு கண்ணாடிக்காரர் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போனால் அதுவரை ஆடியதைப் பதிந்து வைத்துக்கொள்வார். புத்தகமும் பேனாவும் இருந்தால் அவர் யார்? தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிதான். முதுகு அகலமாக, எல்லாரையும் விரல் நீட்டி அதட்டிக்கொண்டே ஒருவன் கூட வருவான். அவன் மண்டோர், தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் கங்காணி. மண்டோர் என்றால் கெட்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டோம். கதையின் பாதியில் அவன் எங்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் தனியாகப் பனிக்குள் நடந்து போனான். "தொலஞ்சான்" என்று நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம்.

சண்டையில் ஒவ்வொருவருக்கும் நாலு கட்டளைகள். முதலாவது என்னவென்று பார்த்ததும் தெரிந்தது, அடி. இரண்டாவது மந்திரம். மூன்றாவது பை, அதில் மருந்து இருக்கும். நாலாவதை அழுத்தினால் நாயகன் குனிந்து நிற்பான், அவ்வளவுதான்.

"என்னா செய்யிறான் இவன்?" என்றேன்.

"சும்மா இருக்கான்" என்றார் குமரன்.

அதற்கு அதுவே பெயராகிவிட்டது. அடி, மந்திரம், பை, சும்மா. அடிப்பதை விட்டுவிட்டு எவனாவது சும்மா இருப்பானா? விடுமுறை விடுமுறையாக மல்லுக்கட்டியும் அந்த நாலாவதை நாங்கள் தொடவே இல்லை.

எல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து, எங்களுக்குக் கல்யாணமும் ஆன பிறகு, அதே விளையாட்டு ஆங்கிலத்தில் புதுப்பித்து வந்தது. ஆசையாக வாங்கிப் போட்டோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மண்டோர் கெட்டவன் இல்லை. மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று சாவதற்காகத்தான் அந்தப் பனிக்குள் போயிருக்கிறான். நாங்கள் கைதட்டிய இடத்தில் ஊரே அழுதிருக்கிறது. நான் டிவி முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். குமரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாலாவது கட்டளையும் அன்றுதான் புரிந்தது. பக்கத்தில் நிற்பவர்மேல் விழ வேண்டிய அடியைக் குறுக்கே நின்று தான் வாங்கிக்கொள்வது. அதைத்தான் நாங்கள் சும்மா என்று ஒதுக்கியிருக்கிறோம்.

எட்டையும் நிறுத்துப் பார்த்தால்

"அக்கா, எந்தப் பாகம் நல்ல பாகம்?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கேட்டபிறகு சொன்னதற்குச் சண்டைக்கு வரக்கூடாது.

முதல் நாலிலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. எதிரி காத்திருப்பான். நாம் யோசித்து முடித்துக் கட்டளை கொடுக்கும்வரை அடிக்க மாட்டான். நடுவில் அம்மா கூப்பிட்டால் போய்த் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வரலாம். அரக்கன் தூக்கிய வாளோடு மூச்சு விட்டுக்கொண்டு அப்படியே நிற்பான். அந்த மரியாதை மனுஷர்களிடமே கிடைப்பதில்லை.

அதற்காக அவை குற்றமில்லாதவை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவதில் நாலு அடி நடந்தால் ஒரு சண்டை. கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவதற்குள் வாங்கிய மருந்து தீர்ந்துவிடும். மூன்றாவதின் கதைக்கு நான் அடிமை. ஆனால் நடுவில் ஒரு சாக்கடைச் சுரங்கம் வரும் பாருங்கள், அதைக் கட்டியவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

பெண்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கோபம் உண்டு. முதல் நாலு பாகங்களிலும் பெண் என்றால் கடைசி வரிசையில் நின்று மருந்து போடுகிறவள்தான். என் அம்மா செம்பனைக் குலை தூக்கிய தோளோடு வீட்டுக்கு வந்த ஆள். அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது எப்படி ஒத்துக்கொள்ளும்? ஐந்தாவதில் ஒருத்தி கோடரியைத் தூக்கினாள். நான் எழுந்து நின்று விசிலடித்தேன். அந்த ஒன்றுக்காகவே ஐந்தாவதின் மற்ற குற்றங்களை மன்னித்துவிட்டேன்.

ஆறாவதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஏழாவதில் உலகத்தை அகலமாக்கிவிட்டார்கள். குதிரையில் போகிறோம், போகிறோம், போய்க்கொண்டே இருக்கிறோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றும் இல்லை. கோல சிலாங்கூர்ப் பக்கத்து வயல்களும் அப்படித்தான் பரந்து கிடக்கின்றன. ஆனால் வயலில் நெல்லாவது இருக்கும்.

எட்டாவதில், ஏழாவதுவரை விட்டுவைத்திருந்த அந்தக் காத்திருப்பையே எடுத்துவிட்டார்கள். எதிரி அடித்துக்கொண்டே இருப்பான், நாம் உருண்டு புரண்டு தப்பிக்க வேண்டும். பார்க்க அழகு. பத்து விரலும் இருப்பவர்களுக்கு ஆடவும் சுகம்தான். சாதாரண ஆட்டத்தோடு ஈஸி மோட் என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் எதிரி தொட்டாலே விழுந்துவிடுவான், சண்டை என்றே ஒன்று இருக்காது. குமரன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இல்லாத சண்டையைப் பற்றி என்ன கருத்துச் சொல்வது என்பது அவர் கேள்வி.

அத்தை போன் பண்ணினார்

கையைப் பற்றி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. குமரன் வேலை செய்த தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மெஷின். நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை உள்ளே விட்டார். நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு வீட்டுப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். நான் சர்க்கியூட் பலகைகளில் ஈயம் வைக்கும் வேலைக்குப் போகிறேன். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சாப்பாடு கட்டியிருப்பார். ஒரு கையால் வெங்காயம் உரிக்கப் பழகினார், சட்டைப் பொத்தான் போடப் பழகினார், இடது கையால் கையெழுத்துப் பழகினார். ஒருநாள்கூட என்னிடம் முகம் சுளித்ததில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். 'தொடாத' என்று அவர் சொன்ன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கெர்லிங்கிலிருந்து அவர் அம்மா, என் அத்தை. சம்பல் கிண்டிய கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னாடி பண்றான் என் மவன்?"

"கேம் ஆடிக்கிட்டிருக்காரு அத்த."

"ஆமா, வேற என்னா செய்வான். சும்மாதானே ஒக்காந்திருக்கான்."

அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்கிறவர் இல்லை. பெற்ற வயிறு எரிந்து வருகிற பேச்சு அது. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"சும்மாவா? இந்த வீட்டத் தூக்கி நிறுத்துறதே அவருதான் அத்த. இனிமே அந்த வார்த்தய என் காதுல போடாதீங்க!" என்று பொரிந்துவிட்டு வைத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பார்த்தால், மனுஷன் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"சும்மா" என்றார். "நாலாவதுடி!"

"என்னா?"

"நான் பைத்தியக்காரன் மாதிரி அடிக்கவும் உருளவுமே பாக்குறேன். ரெண்டுக்கும் வெரல் வேணும். நாலாவதுக்கு என்னா வேணும்? ஒரே பொத்தான். அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னா போதும். அடிக்கிறதக் கூட இருக்கிறவங்க அடிக்கட்டும்."

எட்டாவது பாகத்திலும் அந்தக் கட்டளை இருக்கிறது. எல்லாரும் உருண்டு தப்பிப்பதால் அதை யாரும் சீண்டுவதில்லை. குழுவில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

"ஆனா அதுக்கும் ஒரு வெரல் வேணுமே மாமா. கட்டவெரல் மருந்து போடணும். சுண்டுவெரலுக்கு அவ்ளோ நேரம் அமுக்கிப் புடிக்கிற தெம்பு ஏது?"

அவர் காலை நீட்டிக் காட்டினார்.

"ஈயம் வைக்கிறவதானே நீ? காலுக்கு ஒரு பொத்தான் செஞ்சு குடு. ஆடுறத நான் பாத்துக்குறேன்."

மிதி

வீட்டில் ஒரு பழைய தையல் மெஷின் கிடந்தது. அதன் மின்சார மிதியைக் கழற்றினேன். உள்ளே இருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாசல் மணிக்கு வைக்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். கண்ட்ரோலரைத் திறந்து, நாலாவது கட்டளையின் பொத்தானுக்குக் கீழே இரண்டு ஒயர்களை வைத்து ஈயத்தால் பிடித்தேன். தொழிற்சாலையில் நான் வைக்காத ஈயமா? ஆனால் அன்றைக்கு மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் வைத்ததில்லை.

முதல் தடவை தப்பாகிவிட்டது. ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில், காலை எடுத்தபிறகும் நாயகன் குனிந்தபடியே நின்றான். "இவன் என்னவிடச் சும்மா இருப்பான்போல" என்றார் குமரன். திரும்பப் பிரித்துச் சரி செய்தேன்.

வெறுங்காலை மிதியில் வைத்து உட்கார்ந்தார். பாலம் வந்தது. காவலன் கோடரியை ஓங்கினான். குமரன் மிதித்தார். நாயகன் துணையாள்களுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றான். அடி விழுந்தது. சாகவில்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் காவலனை வெட்டினார்கள். குமரன் காலை எடுத்து, கட்டைவிரலால் மருந்து போட்டு, மறுபடி மிதித்தார்.

உடனே ஜெயித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. மிதிப்பது அரை மூச்சு பிந்தினால் போச்சு. தோற்றார், திரும்ப ஆடினார், தோற்றார். கால் மரத்துப் போனால் எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார முடியாமல் அடுப்படிக்குப் போனேன். என் கை கண்ட்ரோலரைப் பிடுங்கிவிடுமோ என்று எனக்கே பயம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. ஓடினேன். பாலத்தில் யாரும் இல்லை. குமரன் வியர்த்து விறுவிறுத்து, மடியில் தலையணையோடு என்னைப் பார்த்தார்.

"போய்ட்டான்லா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. "தண்ணி குடு, அடுத்த ஊருக்குப் போகணும்" என்றார்.

அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் போனார். ஒவ்வொரு பெரிய எதிரியிடமும் நின்று, அடி வாங்கி, பொறுத்து, மற்றவர்களை அடிக்கவிட்டு ஜெயித்தார். மிதி இரண்டு தடவை உடைந்தது. இரண்டு தடவையும் நான் ஈயம் வைத்தேன். மற்றபடி அந்த விளையாட்டில் என் விரல் படவே இல்லை. குழுவில் எல்லாரும் எட்டாவதைப் புகழ்ந்து தள்ளிவிட்டு வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். அவர் கவலைப்படவில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி அரக்கனும் விழுந்தான். செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடின. அத்தனை பெயர்களையும் அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு போனை எடுத்துக் குழுவைத் திறந்தார்.

"கையப்பத்திச் சொல்லப் போறீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"கேமப்பத்திப் பேசுறப்ப அது எதுக்கு?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரல் பதியும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

"தம்பி ரிஷி, குமரன் பேசுறேன். எட்டாவது முடிச்சிட்டேன். ஈஸி மோட் போடல. மொதல்ல நல்லதச் சொல்லிடுறேன், அது கொஞ்சந்தான். அப்புறம் கொற. அதுக்கு நேரமாவும், ஒரு எடமாப் பாத்து ஒக்காந்துக்க."